ராஷ்பா விளைவு

ராஷ்பா விளைவு என்பது, இரண்டு பொருள்கள் ஒட்டும் இடைமுகத்தில் மிக மெல்லிய ஒரு தளத்துக்குள் அடைபட்டு ஓடும் எதிர்மின்னிகளின் தற்சுழற்சி, அவை ஓடும் திசையோடு பிணைந்துவிடும் இயற்பியல் விளைவு ஆகும். எலக்ட்ரான் என்றும் இலத்திரன் என்றும் வழங்கப்படும் துகளே இக்கட்டுரையில் எதிர்மின்னி எனப்படுகின்றது. ஒரு தளத்துக்குள் மட்டும் நகரக்கூடிய எதிர்மின்னிக் கூட்டத்தை இருபரிமாண எதிர்மின்னி வளிமம் என்பர். இத்தகைய வளிமத்தில் ஏற்படும் தற்சுழற்சி–சுற்றியக்கப் பிணைப்பின் முதன்மையான வடிவம் இவ்விளைவே. சோவியத்-அமெரிக்க இயற்பியலாளர் இம்மானுவேல் ராஷ்பாவின் பெயரால் இது அழைக்கப்படுகின்றது.

காந்தம் எதனையும் அருகில் கொண்டுவராமல், மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் மட்டுமே எதிர்மின்னியின் தற்சுழற்சியைத் திருப்ப இயலும் என்பது இவ்விளைவின் சிறப்பு. தற்சுழற்சியை அடிப்படையாகக் கொண்ட மின்னணுக் கருவிகள் பற்றிய எதிர்பார்ப்புகளில் பெரும்பகுதி இதனைச் சார்ந்தே உள்ளது. இந்தியாவில் கான்பூரிலும் மொகாலியிலும் இத்துறையில் குறிப்பிடத்தக்க ஆய்வுகள் நடந்துள்ளன. இதனை அளவிடும் முறை ஒன்றின் அடித்தளத்தில் சென்னையில் பிறந்த டி. வி. இராமகிருட்டிணன் பங்களித்த கோட்பாடும் உள்ளது.

தற்சுழற்சி–சுற்றியக்கப் பிணைப்பு

எதிர்மின்னிக்கு மின்மமும் திணிவும் இருப்பது போலவே தற்சுழற்சி என்னும் பண்பும் உண்டு. 1925 ஆம் ஆண்டு ஊலன்பெக்கு, கௌட்சுமித்து ஆகிய இருவரும் இக்கருத்தை முன்வைத்தனர். பெயரைக் கொண்டு பம்பரம் போல எதிர்மின்னி உண்மையிலேயே சுழல்வதாகக் கொள்ளக் கூடாது. அது ஒரு மிகச்சிறிய காந்த ஊசியைப் போல நடந்துகொள்கின்றது என்பதே பொருள். ஒரு திசையில் அளந்தால் அந்த ஊசி மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ மட்டுமே காணப்படும். இடைப்பட்ட விடை கிடைக்காது.

அணுக்கருவைச் சூழ்ந்து மின்புலம் உள்ளது. அந்த மின்புலத்துக்குள் விரைந்து செல்லும் எதிர்மின்னியின் பார்வையில் அது வெறும் மின்புலமாக மட்டும் இராது. அதன் ஒரு பகுதி காந்தப்புலமாகவும் தெரியும். இது சார்பியல் கோட்பாட்டின் நேரடி விளைவு. இக்காந்தப்புலம் தற்சுழற்சி ஊசியின் மீது செயற்படுகின்றது. ஊசி புலத்தோடு ஒத்திருந்தால் ஓர் ஆற்றல், எதிர்த்திருந்தால் வேறோர் ஆற்றல். எதிர்மின்னியின் ஓட்டமும் அதன் தற்சுழற்சியும் இவ்வாறு ஒன்றையொன்று சார்ந்து நிற்பதே தற்சுழற்சி–சுற்றியக்கப் பிணைப்பு எனப்படும்.

இதனைச் சமையலறையிலும் காணலாம். அடுப்புத் தீயில் சிறிது உப்பைத் தூவினால் எழும் மஞ்சள் ஒளி சோடியத்தினுடையது. நல்ல நிறமாலைமானியில் அந்த மஞ்சள் ஒரு கோடாக அன்றி 589.0, 589.6 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட இரு கோடுகளாகப் பிரிந்து தெரியும். இப்பிரிவுக்குக் காரணம் சோடிய அணுவின் தற்சுழற்சி–சுற்றியக்கப் பிணைப்பு. ஆற்றலில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 2 மில்லி எலக்ட்ரான்வோல்ட்டு மட்டுமே. அணு எண் கூடக் கூட இப்பிணைப்பு விரைந்து வலுப்பெறும். ஆகவே டைட்டானியம் போன்ற இலேசான தனிமங்களைக் காட்டிலும் டாண்டலம், தங்கம், பிசுமத்து போன்ற கனமான தனிமங்களில் இது பன்மடங்கு மிகுதி. இந்தச் செய்தி மொகாலி ஆய்வைப் பற்றிய பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

இடைமுகத்தில் நிகழ்வது

ஒரு படிகத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் நேர் எதிரே அதேபோன்ற புள்ளி அமைந்திருந்தால் அப்படிகத்துக்குப் புரட்டுச் சமச்சீர்மை உண்டு என்பர். சிலிக்கான் படிகம் அத்தகையது. இச்சமச்சீர்மையும், காலம் பின்னோக்கி ஓடினாலும் விதிகள் மாறா என்னும் காலத் திருப்பச் சமச்சீர்மையும் ஒருங்கே இருந்தால், மேல்நோக்கிய தற்சுழற்சிக்கும் கீழ்நோக்கிய தற்சுழற்சிக்கும் ஒவ்வொரு உந்தத்திலும் ஆற்றல் சமமாகவே இருக்கவேண்டும். பிணைப்பு இருந்தாலும் அது வெளியே பிரிவாகத் தெரியாது.

இடைமுகத்தில் இந்நிலை குலைகின்றது. ஒருபுறம் ஒரு பொருள், மறுபுறம் வேறொரு பொருள். மேலும் கீழும் ஒன்றல்ல. அங்குத் தளத்துக்குச் செங்குத்தாக ஒரு மின்புலமும் இருக்கும். தளத்தில் ஓடும் எதிர்மின்னிக்கு இந்தச் செங்குத்து மின்புலம், தளத்துக்குள்ளேயே கிடக்கும் ஒரு காந்தப்புலமாகத் தோன்றும். அதன் திசை ஓட்டத்தின் திசைக்குச் செங்குத்து. கிழக்கே ஓடும் எதிர்மின்னிக்கு அது தெற்கே காட்டினால், மேற்கே ஓடுவதற்கு வடக்கே காட்டும். ஓட்டம் திரும்பினால் புலமும் கூடவே திரும்பும். நிலைத்த ஒரு காந்தம் தரும் புலம் இவ்வாறு திரும்பாது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

கோட்பாட்டில் இது ஒரே ஓர் உறுப்பாக எழுதப்படுகின்றது. எதிர்மின்னியின் வழக்கமான இயக்க ஆற்றலோடு, அலை எண்ணுக்கு நேர்விகிதத்தில் அமைந்த ஒரு சிறு ஆற்றல் கூட்டப்படுகின்றது. அதன் குறி தற்சுழற்சியைப் பொறுத்தது. இவ்விகிதத்தின் மாறிலி ராஷ்பா மாறிலி எனப்படும். ஆற்றலை நீளத்தால் பெருக்கும் அலகில் இது அளக்கப்படும். இந்த உறுப்பினால் ஒரே பரவளையமாக இருந்த ஆற்றல் பட்டை, இடமும் வலமும் சற்று நகர்ந்த இரு பரவளையங்களாகப் பிரிகின்றது.

மதுரையின் வீதிகளைக் கொண்டு ஓர் ஒப்புமை

உந்தவெளி என்பது மாணவர்களுக்குக் குழப்பம் தரும் கருத்து. மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியமைந்த வீதிகளைக் கொண்டு இதனை ஓரளவு தெளிவாக விளக்கலாம். கோயிலை நடுவில் வைத்து ஒன்றையொன்று சூழ்ந்த சதுரங்களாகச் சித்திரை வீதிகள், ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள், வெளி வீதிகள் அமைந்துள்ளன.

இந்த நகர வரைபடத்தை உந்தவெளியின் வரைபடமாக எண்ணிக்கொள்வோம். கோயில் நிற்கும் நடுப்புள்ளி சுழி உந்தம். கீழ மாசி வீதியில் நிற்பவர் கிழக்கு நோக்கிய உந்தம் கொண்ட எதிர்மின்னியைக் குறிப்பார். மேல மாசி வீதியில் நிற்பவர் மேற்கு நோக்கி ஓடும் எதிர்மின்னியைக் குறிப்பார். நடுவிலிருந்து தொலைவு கூடக் கூட உந்தம் மிகுதி. ஒருவரது முகம் நோக்கும் திசையே அந்த எதிர்மின்னியின் தற்சுழற்சித் திசை. எதிர்மின்னி இவ்வீதிகளில் நடந்து செல்வதாக எண்ணக் கூடாது. இடம் என்பது இங்கு உந்தத்துக்கான குறியீடு மட்டுமே.

சித்திரை வீதிகளில் உள்ளோர் அனைவரும் வலம் வருவோர் எனக் கொள்வோம். கீழச் சித்திரை வீதியில் உள்ளவர் தெற்கு நோக்குவார். தெற்குச் சித்திரை வீதியில் உள்ளவர் மேற்கு நோக்குவார். மேலச் சித்திரை வீதியில் உள்ளவர் வடக்கு நோக்குவார். எங்கு நின்றாலும் முகம், கோயிலிலிருந்து அவரை நோக்கி வரையும் கோட்டுக்குச் செங்குத்தாகவே இருக்கும். மாசி வீதிகளில் உள்ளோர் அனைவரும் இதற்கு நேர்மாறாக இடம் வருவோராக இருப்பின், ராஷ்பா விளைவின் இரு பெர்மி வளையங்களும் கிடைத்துவிட்டன. உள்வளையத்தில் தற்சுழற்சி ஒரு போக்கு, வெளிவளையத்தில் எதிர்ப்போக்கு. மெய்யான எளிய வளிமத்தில் வளையங்கள் சதுரமாக அன்றி வட்டமாக இருக்கும். படிகத்தின் சமச்சீர்மை வலுவாகக் குறுக்கிடும் சில பொருள்களில் அவை உண்மையிலேயே மூலைகளோடு கூடிய வடிவம் பெறுவதுண்டு.

இந்த ஒப்புமையிலிருந்தே மூன்று முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, கீழ வீதியிலிருந்து மேல வீதிக்குத் தாவ, அதாவது ஓடும் திசையை நேர் எதிராகத் திருப்ப, அதே வளையத்திலுள்ளவர் தம் முகத்தையும் முழுமையாகத் திருப்பவேண்டும். காந்தத் தன்மையற்ற ஒரு மாசணு இதனைச் செய்ய இயலாது. ஆனால் உள்வீதியிலிருந்து எதிர்ப்புற வெளிவீதிக்குத் தாவினால் முகத்தைத் திருப்பவே தேவையில்லை. ஆகையால் ராஷ்பா வளிமத்தில் பின்னோக்கிச் சிதறல் முற்றிலும் தடுக்கப்படுவதில்லை. இடவியல் மின்கடத்தாப் பொருள்களின் மேற்பரப்பில் ஒரே ஒரு வளையம் இருப்பதால் அங்குத் தடை முழுமையானது. இரண்டையும் ஒன்றெனக் கூறும் எளிய விளக்கங்கள் பல உலவுகின்றன, அவை சரியல்ல.

இரண்டாவது, மின்னோட்டம் செலுத்தினால் கிழக்குப் பக்கம் கூட்டம் கூடி மேற்குப் பக்கம் குறையும். உள்வீதியினரும் வெளிவீதியினரும் எதிரெதிரே நோக்கினாலும், வெளிவீதி நீளமானதால் அங்குள்ள கூட்டம் மிகுதி. எனவே முழுமையாகச் சமனாகாது. ஒரு திசையில் நிகரத் தற்சுழற்சி எஞ்சும். மின்னோட்டமே காந்தத் தன்மையைத் தோற்றுவிக்கும் இந்நிகழ்வை 1990 இல் எடல்சுட்டைன் விளக்கியதால் அது அவர் பெயரால் வழங்குகின்றது.

மூன்றாவது, கோயிலுக்குக் கிழக்கே தெற்கு நோக்கி ஒருவர் நின்றால் மேற்கே வடக்கு நோக்கி ஒருவர் நிற்பதால், மொத்தக் கூட்டத்தையும் சேர்த்தால் எந்தத் திசைக்கும் மிகுதியில்லை. மின்னோட்டம் இல்லாத நிலையில் ராஷ்பா வளிமம் காந்தமாவதில்லை.

அளவுகள்

மேலே கூறிய எளிய விளக்கத்தை அப்படியே எண்களில் போட்டுப் பார்த்தால் ஒரு சிக்கல் எழுகின்றது. குறைக்கடத்தி இடைமுகத்தில் எதிர்மின்னி நொடிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் விரைவில் செல்வதாகவும், மின்புலம் மீட்டருக்கு 1 கோடி வோல்ட்டு எனவும் கொள்வோம். சார்பியல் வாய்பாட்டின்படி அது உணரும் காந்தப்புலம் 50 மைக்ரோடெசுலா அளவே. மதுரையில் புவியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெசுலா. திசைகாட்டியின் முள்ளைத் திருப்பும் அளவுள்ள இப்புலத்தைக் கொண்டு எந்தக் கருவியையும் இயக்க இயலாது.

ஆனால் ஆய்வுகளில் காணப்படும் நிலை வேறு. இண்டியம் காலியம் ஆர்சனைடு இடைமுகங்களில் ராஷ்பா மாறிலி ஏறத்தாழ ஒரு மீட்டர்-எலக்ட்ரான்வோல்ட்டின் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு என்னும் அளவில் உள்ளது. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு இலட்சம் கோடி எதிர்மின்னிகள் உள்ள வளிமத்தில் இது 5 மில்லி எலக்ட்ரான்வோல்ட்டு ஆற்றல் பிரிவைத் தரும். தனித்த எதிர்மின்னி ஒன்றில் இதே பிரிவை உண்டாக்க 40 டெசுலாவுக்கும் மேற்பட்ட காந்தப்புலம் வேண்டும். எளிய கணக்கீட்டுக்கும் இதற்கும் இடையே பத்து இலட்சம் மடங்கு வேறுபாடு!

காரணம் இதுதான். வெற்றிடத்தில் இவ்விளைவை அடக்கிவைப்பது எதிர்மின்னிக்கும் அதன் எதிர்த்துகளுக்கும் இடையேயுள்ள ஆற்றல் இடைவெளி. அது ஏறத்தாழ 10 இலட்சம் எலக்ட்ரான்வோல்ட்டு. படிகத்துக்குள் அந்த இடத்தைக் கடத்துப் பட்டைக்கும் இணைதிறன் பட்டைக்கும் இடையேயுள்ள இடைவெளி பிடித்துக்கொள்கின்றது. அது 1 எலக்ட்ரான்வோல்ட்டு அளவே. மேலும், உண்மையில் வேலை செய்வது இடைமுகத்தின் மென்மையான புலம் அன்று. அணுக்கருக்களின் அருகேயுள்ள கடும் புலமே. இடைமுகம் சமச்சீர்மையைக் குலைத்து அந்தக் கடும்புலத்தின் விளைவு வெளிப்பட வழிசெய்கின்றது. மின்புலம் எதிர்மின்னிக்குக் காந்தப்புலமாகத் தெரிகின்றது என்னும் விளக்கம் திசையைச் சரியாகத் தரும், அளவைத் தராது.

வரலாறு

1955 இல் டிரெசல்ஹாசு, படிகத்தின் உள்ளமைப்பிலேயே புரட்டுச் சமச்சீர்மை இல்லாத காலியம் ஆர்சனைடு போன்ற பொருள்களில் தற்சுழற்சிப் பிரிவு ஏற்படும் எனக் காட்டினார். 1959 இல் ராஷ்பாவும் செக்காவும் ஓர் அச்சுத் திசை கொண்ட படிகங்களில் நேர்விகிதப் பிரிவைக் கண்டறிந்தனர். அப்போது அது அதிகம் கவனிக்கப்படவில்லை. குறைக்கடத்தி இடைமுகங்களில் தூய இருபரிமாண வளிமங்களை உருவாக்கும் நுட்பம் வளர்ந்த பின்னரே, 1984 இல் பிச்கோவும் ராஷ்பாவும் அதே உறுப்பை இடைமுகங்களுக்குப் பொருத்தினர். இன்று பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது இந்த ஆய்வே.

1990 இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சுப்ரியோ தத்தா, பிசுவசித்து தாசு ஆகியோர் ஒரு கருவியை முன்மொழிந்தனர். கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் படித்தவர் தத்தா. அக்கருவியில் ஒரு காந்த மின்முனையிலிருந்து ஒரே தற்சுழற்சியுள்ள எதிர்மின்னிகள் வளிமத்துக்குள் செலுத்தப்படும். அவை மறுமுனையிலுள்ள காந்த மின்முனையை அடையும் வரை ராஷ்பா புலத்தைச் சுற்றித் தற்சுழற்சி சுழன்றுகொண்டே செல்லும். வந்து சேரும்போது மறுமுனையின் காந்தத் திசையோடு ஒத்திருந்தால் உள்ளே நுழையும், எதிர்த்திருந்தால் நுழையாது. மேலுள்ள வாயில் மின்முனையின் மின்னழுத்தம் ராஷ்பா மாறிலியை மாற்றுவதால், எவ்வளவு சுழலும் என்பதையும் அதுவே முடிவு செய்யும்.

இதிலுள்ள ஒரு நுட்பம் பொறியியலாளரைக் கவரக்கூடியது. விரைவாகச் செல்லும் எதிர்மின்னி வலுவான புலத்தை உணர்கின்றது, ஆனால் குறைந்த நேரமே அதில் இருக்கின்றது. மெதுவாகச் செல்வதற்கு நிலைமை நேர்மாறு. இரண்டும் சமனாகி, சுழலும் கோணம் கடந்த தொலைவை மட்டுமே பொறுத்ததாகின்றது. மேலே கூறிய மாறிலியுடன், எதிர்மின்னியின் பயனுறு திணிவு அதன் இயல்புத் திணிவில் இருபதில் ஒரு பங்கு எனக் கொண்டால், அரைச்சுற்றுச் சுழலக் கால் மைக்ரோமீட்டர் போதும்.

1997 இல் சப்பானில் நிட்டாவும் உடன் பணியாற்றியோரும் வாயில் மின்னழுத்தத்தால் ராஷ்பா மாறிலி மாறுவதை அளந்து காட்டினர். முழுக் கருவியைச் செய்வது அவ்வளவு எளிதாக அமையவில்லை. உலோகக் காந்தத்திலிருந்து குறைக்கடத்திக்குள் தற்சுழற்சியைச் செலுத்தும்போது இரண்டின் மின்கடத்துமையும் பெரிதும் வேறுபடுவதால் பெரும்பகுதி வீணாகின்றது என்று 2000 ஆம் ஆண்டு சுமித்தும் குழுவினரும் காட்டினர். 2009 இல் கொரியக் குழு ஒன்று இண்டியம் ஆர்சனைடு அடுக்கில், மிகக் குறைந்த வெப்பநிலையில், வாயில் மின்னழுத்தத்தோடு ஏறி இறங்கும் சைகையைப் பெற்றது.

ஆக்சைடு இடைமுகங்கள்

2004 இல் ஓட்டோமோ, குவாங்கு ஆகிய இருவரும் லாந்தனம் அலுமினேட்டு, ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டு ஆகிய இரு மின்கடத்தாப் பொருள்கள் சேரும் இடத்தில் மின்சாரம் நன்கு பாய்வதைக் கண்டனர். இரண்டுமே ஒளி ஊடுருவும் படிகங்கள். தனித்தனியே எதிலும் மின்சாரம் பாயாது. மேலடுக்கு குறைந்தது நான்கு அலகுக் கூடுகள், அதாவது ஏறத்தாழ ஒன்றரை நானோமீட்டர், தடிமன் இருந்தாலே கடத்துமை தோன்றும் என்பது 2006 இல் தெரியவந்தது. 2007 இல் அதே இடைமுகம் 0.2 கெல்வின் அளவில் மீக்கடத்தியாவது கண்டறியப்பட்டது.

எதிர்மின்னிகள் எங்கிருந்து வருகின்றன என்பது நீண்டநாள் விவாதம். லாந்தனம் அலுமினேட்டின் அடுக்குகள் நேர், எதிர் மின்மங்களை மாறிமாறிக் கொண்டவை. ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டின் அடுக்குகள் நடுநிலையானவை. இவ்வேறுபாட்டால் தடிமன் கூடுந்தோறும் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஓர் எல்லைக்கு மேல் அதைத் தணிக்க எதிர்மின்னிகள் இடைமுகத்துக்கு நகரவேண்டும். நான்கு அலகுக் கூடு எல்லையை இக்கருத்து நன்றாக விளக்குகின்றது. ஆனால் இதன்படி வரவேண்டிய எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கே பெரும்பாலும் அளக்கப்படுகின்றது. படிகம் வளரும்போது ஆக்சிசன் அணுக்கள் விடுபட்டுப் போன வெற்றிடங்களும் எதிர்மின்னிகளைத் தரவல்லவை. எந்தக் காரணம் எவ்வளவு என்பது படிகம் வளர்க்கப்பட்ட முறையைப் பொறுத்து மாறுகின்றது.

2010 இல் இவ்விடைமுகத்தில் தற்சுழற்சி–சுற்றியக்கப் பிணைப்பை மின்னழுத்தத்தால் பெரிதும் மாற்ற இயலும் என இரு குழுக்கள் தனித்தனியே காட்டின. டைட்டானியம் இலேசான தனிமமாயிற்றே, பிணைப்பு எவ்வாறு வலுப்பெறுகின்றது என்ற வினா எழும். இங்கு எதிர்மின்னிகள் டைட்டானியத்தின் மூவகை உட்கூட்டு நிலைகளில் உள்ளன. ஒருவகைப் பட்டை மற்றவற்றை வெட்டும் இடத்தில் ஆற்றல் இடைவெளி மிகச் சிறியதாகிவிடுவதால், அங்கே பிணைப்பின் விளைவு பெருகுகின்றது. வாயில் மின்னழுத்தம் எதிர்மின்னிகளை அந்த வெட்டுமிடத்துக்குக் கொண்டு செல்கின்றது.

இவ்வடுக்குகளை வளர்க்கப் பெரிதும் பயன்படுவது சீரொளித் துடிப்புப் படிவு முறை. சீரொளி ஒரு வில்லையின் மீது பட்டு, அதிலிருந்து எழும் ஆவி எதிரேயுள்ள படிகத்தின் மீது அடுக்கடுக்காகப் படியும். உயர்வெப்ப மீக்கடத்திகளுக்காக இம்முறையை 1987 இல் அமெரிக்காவில் கையாண்டு பரவலாக்கியவர்களுள் திருமலை வெங்கடேசன் முதன்மையானவர். பின்னர் அவர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, இதே இடைமுகத்தில் காந்தத் தன்மை காட்டும் பகுதிகளும் பிற பகுதிகளும் பிரிந்து நிற்பதாக அவரது குழு 2011 இல் வெளியிட்டது.

கான்பூரும் மொகாலியும்

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆர். சி. புதானியின் குழு, லாந்தனம் டைட்டனேட்டை ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டின் மீது வளர்த்தது. லாந்தனம் டைட்டனேட்டு ஒரு மாட் வகை மின்கடத்தாப் பொருள். எதிர்மின்னிகள் ஒன்றையொன்று விலக்குவதாலேயே அதில் ஓட்டம் நின்றுபோகின்றது. பாரிசிலுள்ள குழுவோடு இணைந்து நடத்திய ஆய்வில் இவ்விடைமுகம் இருபரிமாண மீக்கடத்தியாவது 2010 இல் வெளியிடப்பட்டது.

மொகாலியில் உள்ள நானோ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் சுவாங்கர் சக்ரவர்த்தியின் குழு வேறு வழியைத் தேர்ந்தது. டைட்டானியத்தின் அணு எண் 22; டாண்டலத்தின் அணு எண் 73. பட்டை வெட்டுமிடங்களைத் தேடுவதை விட, பிணைப்பு இயல்பாகவே மிகுந்த பொருளிலிருந்து தொடங்கலாம் அல்லவா? பொட்டாசியம் டாண்டலேட்டில் இப்பிணைப்பு பிரிக்கும் ஆற்றல் 0.4 எலக்ட்ரான்வோல்ட்டு; ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டில் அது 0.02 முதல் 0.03 வரையே. பொட்டாசியம் டாண்டலேட்டின் மீது லாந்தனம் வனடேட்டை வளர்த்து, இரண்டுமே மின்கடத்தாப் பொருள்களாயினும் அவற்றின் இடைமுகம் கடத்துவதை இக்குழு காட்டியது. இங்கு இருபுறமும் மின்மம் மாறிமாறி அமைந்த அடுக்குகளே உள்ளன என்பது இவ்விடைமுகத்தின் தனித்தன்மை.

2020 இல் வெளியான இவ்வாய்வில் காந்தப்புலம் தளத்துக்குள்ளேயே கிடத்திச் சுழற்றப்பட்டது. புலத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையேயுள்ள கோணத்தைப் பொறுத்து மின்தடை மாறியது. மின்னோட்டத்துக்குக் குறுக்கேயும் மின்னழுத்தம் தோன்றியது. பின்னது தள ஹால் விளைவு எனப்படும். புலம் குறைவாக இருக்கையில் மின்தடை ஒரு முழுச்சுற்றில் இருமுறை ஏறி இறங்கியது. ராஷ்பா பிரிவைக் கொண்டு இதனை விளக்க முடிந்தது. ஏறத்தாழ 8 டெசுலாவில் அது நான்குமுறை ஏறி இறங்கத் தொடங்கியது. ராஷ்பா பிரிவு மட்டும் இதனை விளக்காது என ஆய்வாளர்களே தெளிவாகக் கூறியுள்ளனர். வனேடிய அணுக்களின் எஞ்சிய தற்சுழற்சிகளுக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். விளக்க முடிந்ததையும் முடியாததையும் பிரித்துக் காட்டியது இவ்வாய்வின் சிறப்பு எனலாம்.

2021 இல் வேறொரு குழு, யூரோப்பியம் ஆக்சைடு படிந்த பொட்டாசியம் டாண்டலேட்டு இடைமுகத்தில் 2.2 கெல்வின் வரை மீக்கடத்துமையைக் கண்டது. இது ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டு இடைமுகங்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு உயர்ந்த வெப்பநிலை.

அளவிடும் முறை

உலோக மேற்பரப்புகளில் ஒளிமின் உமிழ்வைக் கொண்டு பிரிந்த பட்டைகளை நேரடியாகவே காணலாம். தங்கத்தின் மேற்பரப்பில் 1996 இல் இவ்வாறு காணப்பட்ட பிரிவு 0.1 எலக்ட்ரான்வோல்ட்டு அளவு. ஆனால் புதைந்த இடைமுகங்களுக்கு ஒளி எளிதில் எட்டாது. அங்கு மின்தடையே சான்று சொல்லவேண்டும்.

1979 இல் ஆபிரகாம்சு, ஆண்டர்சன், லிச்சியார்டெல்லோ, டி. வி. இராமகிருட்டிணன் ஆகிய நால்வரும் இருபரிமாணத்தில் எதிர்மின்னிகளின் பரவல் பற்றி ஒரு கோட்பாட்டை வெளியிட்டனர். நால்வர் கூட்டம் என்று இயற்பியலாளர்கள் வேடிக்கையாக அழைக்கும் இக்குழுவின் முடிவு அப்போது வியப்பை உண்டாக்கியது. மாசு சிறிதளவே இருந்தாலும், எதிர்மின்னிகளின் இடைவினையைக் கருதாவிடின், இருபரிமாணத்தில் உண்மையான உலோகம் இல்லை என்பதே அது. இதன் எளிய வடிவம் வலுவற்ற இடமுடக்கம் எனப்படும். ஓர் எதிர்மின்னி மாசணுக்களில் மோதிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரக்கூடும். அந்தச் சுற்றை வலமாகவும் வரலாம், இடமாகவும் வரலாம். குவாண்டவியலில் இவ்விரு வழிகளின் அலைகளும் ஒன்றுசேர்ந்து வலுப்பெறுவதால், திரும்பி வருவதற்கான வாய்ப்பு கூடுகின்றது. மின்தடையும் சற்றுக் கூடுகின்றது.

1980 இல் இக்காமி, லார்க்கின், நாகோக்கா ஆகியோர் இதில் தற்சுழற்சி–சுற்றியக்கப் பிணைப்பைச் சேர்த்தனர். இப்போது வலம் வரும் வழியில் தற்சுழற்சி ஒருபுறமும் இடம் வரும் வழியில் எதிர்ப்புறமும் திரும்பும். தற்சுழற்சி ஒரு முழுச்சுற்றுச் சுற்றினால் அதன் அலையின் குறி மாறிவிடும். பழைய நிலைக்கு வர இரண்டு சுற்றுகள் வேண்டும். ஆகவே இருவழி அலைகளும் சராசரியாக ஒன்றையொன்று தேய்க்கின்றன. மின்தடை கூடுவதற்குப் பதில் குறைகின்றது. பெயர்க்மன் 1980களின் தொடக்கத்தில் மக்னீசியப் படலத்தின் மீது மிகச் சிறிதளவு தங்கத்தைத் தூவியே குறி மாறுவதைக் காட்டினார். செங்குத்தாகச் சிறிது காந்தப்புலம் செலுத்தினால் இந்த அலைச்சேர்க்கை குலைந்து மின்தடை மீண்டும் ஏறும். எனவே சுழிப் புலத்தருகே மின்தடை வரைபடத்தில் காணும் கூரிய பள்ளமே இப்பிணைப்பின் அடையாளம். பள்ளத்தின் வடிவத்திலிருந்து ராஷ்பா மாறிலி கணிக்கப்படுகின்றது.

இக்கணிப்பைச் சற்று எச்சரிக்கையுடனேயே அணுகவேண்டும். பள்ளத்தின் வடிவத்தைப் பொருத்தப் பயன்படும் வாய்பாடுகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. பிரிவு உந்தத்துக்கு நேர்விகிதமா, அதன் முப்படிக்கு விகிதமா என்று எதைக் கொள்கின்றோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். பல பட்டைகள் உள்ள ஆக்சைடு இடைமுகங்களில் ஒரே ஒரு மாறிலி என்பதே தோராயம். வெவ்வேறு பொருள்களின் மாறிலிகளை ஒரே பட்டியலில் இட்டு எது பெரிது என ஒப்பிடுவது பல நூல்களில் வழக்கம். அளந்த முறையையும் சேர்த்துச் சொல்லாத பட்டியலால் பயன் குறைவு.

பயன்பாடுகளும் வெப்பநிலைச் சிக்கலும்

சித்திரை மாத வெயிலில் மதுரையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தொடும். அந்த வெப்பநிலையில் ஒரு துகளின் வெப்ப ஆற்றல் 27 மில்லி எலக்ட்ரான்வோல்ட்டு. குறைக்கடத்தி இடைமுகத்தின் 5 மில்லி எலக்ட்ரான்வோல்ட்டுப் பிரிவு அதற்குள் மறைந்துபோகும். அதோடு, எதிர்மின்னி மோதித் திசை மாறும் ஒவ்வொரு முறையும் ராஷ்பா புலமும் திசை மாறுவதால், தற்சுழற்சி தன் நினைவை இழக்கின்றது. தற்சுழற்சியைத் திருப்ப உதவும் அதே பிணைப்புதான் அதனை அழிக்கவும் செய்கின்றது. தத்தா–தாசு கருவி அறை வெப்பநிலையில் வழக்கமான திரிதடையத்தோடு போட்டியிடும் நிலையை எட்டாததற்கு இதுவும் ஒரு முதன்மைக் காரணம். ராஷ்பா மாறிலியும் டிரெசல்ஹாசு மாறிலியும் சமமாகுமாறு அமைத்தால் இவ்வழிவைப் பெரிதும் தடுக்கலாம் என்று 2006 இல் பெர்னெவிக்கும் உடன் ஆய்ந்தோரும் கணித்தனர். 2009 இல் ஆய்வும் அதனை உறுதி செய்தது.

எடல்சுட்டைன் விளைவைத் தலைகீழாகப் பயன்படுத்தும் முயற்சிகளுக்கு இந்தத் தடை குறைவு. அவற்றில் தற்சுழற்சி நெடுந்தொலைவு பயணிக்கத் தேவையில்லை. இடைமுகத்துக்குள் செலுத்தப்படும் தற்சுழற்சி அங்கேயே மின்னோட்டமாக மாறுகின்றது. வெள்ளி, பிசுமத்து இடைமுகத்தில் 2013 இல் இம்மாற்றம் அறை வெப்பநிலையிலேயே காணப்பட்டது. லாந்தனம் அலுமினேட்டு–ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டு இடைமுகத்தில் 2016 இல் இம்மாற்றம் மிகுந்த திறனுடன், ஆனால் தாழ்ந்த வெப்பநிலையில், நிகழ்த்தப்பட்டது. இன்டெல் நிறுவன ஆய்வாளர்கள் 2019 இல் முன்மொழிந்த ஏரணக் கருவி, காந்தத்தில் எழுதிய செய்தியைப் படித்தெடுக்க இத்தகைய மாற்றத்தையே நம்பியுள்ளது. எழுதுவதற்கு அதில் மின்னழுத்தமே பயன்படுகின்றது. படிக்கும்போது கிடைக்கும் மின்னழுத்தம் அடுத்த கருவியை இயக்கும் அளவுக்கு உயரவேண்டும் என்பதே இதிலுள்ள கடினமான படி.